சருகு ஒதுங்கும் இடம்

வீடு கட்டுவதற்கு முன் நிலையம் எடுப்பது எம்மவர் வழக்கம். கிணறு எந்த மூலையில், அடுப்படி எந்தப் பக்கத்தில், வாசல் எந்தத் திக்கை நோக்கி என்றெல்லாம் அறிந்தவர்களை அழைத்துக் கேட்ட பின்னரே கயிறு பிடித்து முளை அடிக்கிறோம். ஆனால் அதே வளவில் ஒரு பூஞ்செடியை நாட்ட நேர்ந்தால் எவரையும் கேட்பதில்லை. படலையருகே நின்று, தெருவாற் போவோர் கண்ணிற் படும் இடமாகப் பார்த்து அலவாங்கை ஊன்றிவிடுகிறோம். செடி தழைத்தால் அது எமது கைராசி. பட்டுப்போனால் செடி விற்றவனின் ஏமாற்று. இவ்வெண்ணம் எத்துணைப் பேதைமை என்பதைக் கமெலியா என்னும் செடியொன்று எமக்குக் கற்பித்தது. கற்பித்த இடமோ எமது ஊரன்று. கடல் கடந்த குளிர்நாடு.

2024 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில், அமெரிக்காவில் வாழும் எமது தம்பியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வாஷிங்டன் நகருக்கு வடக்கே, மேரிலாந்து மாநிலத்தில் அவன் குடும்பம் வாழ்கிறது. ஊர் பார்க்கவோ செடி பார்க்கவோ நாம் செல்லவில்லை. எமது ஐயாவை அழைத்துவரவே சென்றோம். 2021 இல் அம்மா காலமானார். அடுத்த ஆண்டு ஆவணியில் தம்பி ஐயாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். அதன்பின் தொலைபேசியில் வந்த செய்தி எப்போதும் ஒன்றுதான்: “ஐயா சுகமாகத்தான் இருக்கிறார், அண்ணா. ஆனால் ஒன்றிலும் பற்றில்லை. பின்னறை யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் வெளியே பார்த்தபடி இருக்கிறார்.”

எண்பது வயதுக் கிழவர் அந்நிய நாட்டில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று எமது மனம் நைந்தது. உண்மையைச் சொல்வதாயின், மனம் நைந்ததற்கு அது மட்டும் காரணமன்று. கோயில் வீதியிலும் சந்தையிலும் கண்டவர்களெல்லாம், “தகப்பனை அங்கே விட்டுவிட்டீர்களா?” என்று கேட்டனர். அந்தக் கேள்விக்கு விடையாகவே வீட்டின் முன்னறையை வெள்ளையடித்து, தெருப்பக்க யன்னலருகே கட்டில் போட்டு, ஐயாவுக்கும் சேர்த்துத் திரும்பும் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு விமானம் ஏறினோம்.

நாம் போய்ச் சேர்ந்த நாளில் அவ்வீட்டில் நிகழ்ந்துகொண்டிருந்த விவாதம் ஐயாவைப் பற்றியதன்று. தம்பியின் மனைவி கமெலியாக் கன்று ஒன்று வாங்கி வந்திருந்தார். அதை எங்கே நாட்டுவது என்பதே வழக்கு.

அவ்வழக்குக்கு ஒரு பழைய கதை உண்டு. 2022 ஆம் ஆண்டு ஒக்டோபரில் முதற் கமெலியாவை அவர்கள் முன்முற்றத்தில் நாட்டியிருந்தனர். கிழக்குப் பார்த்த வாசல். தெருவோரம் சற்றே பள்ளமான புற்றரை. எல்லார் கண்ணும் படும் இடம். தம்பி ஊர்ப் பழக்கத்தில், தென்னம்பிள்ளைக்கு வெட்டுவதுபோல் ஆழமாகக் குழி வெட்டிக் கன்றை அதனுள் இறக்கிவிட்டான். அவ்வாண்டு டிசெம்பர் 23 ஆம் திகதி, நத்தாருக்கு இரு நாட்களின் முன், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியெங்கும் கடுங்குளிர் திடீரெனப் பாய்ந்தது. காலையில் மழை, மாலைக்குள் உறைநிலைக்கு வெகு கீழே, அதனோடு சூறைபோன்ற காற்று. மறுநாட் காலையில் வெயில் பளிச்சென்று எறித்தது. இளவேனில் பிறந்தபோது செடியின் இலைகள் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் தொங்கின. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. அடிக்கட்டையை நாமும் கண்டோம்.

கமெலியா இனத்துச் செடிகளிற் பெரும்பாலானவை சீனா, யப்பான், கொரியா முதலிய கீழை நாடுகளுக்குரியவை. பிலிப்பைன் தீவுகளில் தாவரங்களை ஆராய்ந்த கமெல் என்னும் துறவியின் நினைவாக இப்பெயரை வழங்கியவர் லின்னேயஸ். என்றும் பசுமையான தடித்த இலையும், றோசாவை ஒத்த பூவும் கொண்ட இச்செடியை வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களில் வெகு காலமாக வளர்த்து வருகின்றனர். குளிர் மிகுந்த இடங்களுக்கு அது ஆகாது என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணம் மாறிய வரலாற்றைத் தம்பி எம்மை அழைத்துச் சென்ற தேசிய மரத்தோட்டத்தில் அறிந்தோம். வாஷிங்டன் நகரிலுள்ள அத்தோட்டத்தில் முன்னர் பெருந்தொகையான கமெலியாக்கள் நின்றன. 1976 முதல் 1979 வரை அடுத்தடுத்து வந்த மூன்று கொடிய குளிர்காலங்களில் அவற்றிற் பெரும்பாலானவை மடிந்தன. எஞ்சியவற்றுள் ஒன்று, சீனர்கள் விதையிலிருந்து சமையல் எண்ணெய் எடுக்கும் எண்ணெய்க் கமெலியா. மற்றவை கருகி நின்றபோது அது வாடாமல் நின்றது. அங்கே பணியாற்றிய வில்லியம் அக்கர்மன் என்னும் அறிஞர் அதைப் பிற இனங்களோடு கலந்து, இலையுதிர் காலத்திற் பூக்கும் குளிர்தாங்கிச் செடிகளை உருவாக்கினார். வட கரோலினா மாநிலத்திலே கிளிபர்ட் பார்க்ஸ் என்னும் பேராசிரியர், யப்பானியக் கமெலியாக்களிலிருந்து குளிர் தாங்குவனவற்றைத் தெரிந்தெடுத்து, இளவேனிலிற் பூக்கும் ‘ஏப்ரல்’ வரிசைச் செடிகளைத் தந்தார். தம்பியின் மனைவி வாங்கி வந்த ‘ஏப்ரல் டிரிஸ்ட்’ என்னும் சிவந்த பூச்செடி அவ்வரிசையைச் சேர்ந்தது. தக்க இடத்தில் வேரூன்றிவிட்டால் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் குளிரையும் இவ்வகைச் செடிகள் தாங்கக்கூடும். ஆனால் ‘தக்க இடத்தில்’ என்னும் சொல்லிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மரத்தோட்டத்துக்கு ஐயாவையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றிருந்தோம். பேச்சின்றி நடந்துவந்த அவர் ஒரு கமெலியாவின் முன் நின்றார். உதிர்ந்து கிடந்த இலையொன்றை எடுத்து, விளிம்பின் பற்களை விரலால் வருடி, மடித்து முறித்துப் பார்த்தார்.

“இது தேயிலையெல்லோ!” என்றார்.

நாம் வியந்தோம். தேயிலையும் கமெலியா இனமே. தாவர நூலார் அதற்கு வழங்கும் பெயர் கமெலியா சினென்சிஸ் என்பது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் நாட்டி, இலங்கையின் தேயிலைத் தொழிலைத் தொடக்கி வைத்த செடியும், வாஷிங்டனில் அன்று நாம் கண்ட சிவந்த பூச்செடியும் ஒரே குடும்பத்துச் சகோதரிகள். ஐயா இதை நூலிற் படித்தறிந்தவரல்லர். நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகக் கிளாக்கராக இருந்தவர். 1983 இல் உடுத்த துணியோடு யாழ்ப்பாணம் வந்து, சங்கக்கடைக் கணக்கெழுதி எம்மைப் படிப்பித்தவர். தோட்டத்து வாழ்வைப் பற்றி அவர் பேசியதில்லை, நாமும் கேட்டதில்லை.

வீடு திரும்பியதும் இடம் பற்றிய விவாதம் மீண்டும் மூண்டது. தம்பியின் மனைவி பழைய முன்முற்றத்தையே விரும்பினார். ஆழக் குழி வெட்டியதே குற்றம், இடமன்று என்பது அவர் கட்சி. தம்பியோ தெற்குச் சுவரோரம் கதகதப்பானது, குளிர் அணுகாது என்றான். நாம் எமது பங்குக்கு, பெரிய மேப்பிள் மரத்தின் நிழலே உகந்தது என்று தீர்ப்பளித்தோம். மூவரும் மூன்று திக்கைக் காட்டி நிற்க, யன்னலுக்குள்ளிருந்து ஐயாவின் குரல் கேட்டது.

“மூன்று இடத்திலையும் பட்டுப்போம்.”

கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் வெளியே வந்தார். அடுத்த அரைமணி நேரம் அவர் பேசியதுபோல் பல ஆண்டுகளாகப் பேசி நாம் கேட்டதில்லை.

முன்முற்றத்தைப் பற்றி அவர் சொன்னது இது. நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் முகிலற்ற இரவுகளிற் பனி உறையும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வடிந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். விடியப் பார்த்தால் பள்ளத்துத் தேயிலை நெருப்புப் பட்டதுபோற் கருகியிருக்க, மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்கும். பள்ளத்திலும் கிழக்கு வெயில் முதலில் விழும் பக்கமே மோசமாகக் கருகும். குளிரைவிட, உறைந்த இலையில் திடீரென விழும் காலை வெயிலே பெரிய எமன். மெல்ல மெல்ல உருகினால் மொட்டுப் பிழைக்கும். “உங்கடை முற்றம் பள்ளமும் கிழக்கும். இரண்டு பிழையும் ஒரே இடத்திலை,” என்றார்.

தெற்குச் சுவரைப் பற்றி: 2024 சனவரி நடுவில் ஒரே வாரத்தில் இருமுறை பனி பெய்தது. தெற்குச் சுவரோரத்துப் பனி இரண்டொரு நாளில் உருகிவிட்டது. பகலில் உருகிய ஈரம் இரவில் மீண்டும் உறைந்தது. இவ்வாறு உருகியும் உறைந்தும் நிலம் அசைந்துகொண்டிருந்தால் வேர் தாங்காது. கதகதப்பை நம்பிச் செடி முந்தி விழித்துக்கொண்டால், பின்வரும் குளிர் அதன் தளிரைத் தின்றுவிடும். சுவரின் அத்திவாரத்துச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு வேறு. தேயிலை புளிப்பு மண்ணை நாடுவது, சுண்ணாம்பை வெறுப்பது. இதன் தங்கையும் அப்படித்தானே இருக்கும்?

நாம் காட்டிய மேப்பிள் நிழலையும் அவர் விட்டுவைக்கவில்லை. “நீ சித்திரையிலை வந்து நிழலைப் பார்க்கிறாய். கார்த்திகையிலை வந்து பார்த்தாயோ? ஒரு இலை இராது. நிழல் வேண்டிய காலத்திலை அந்த மரம் மொட்டை,” என்றார். மேப்பிளின் வேர்கள் மேலோட்டமாகப் பரவி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதையும், கமெலியாவின் வேரும் மேலோட்டமானதாகையால் இரண்டுக்கும் போட்டியே மிஞ்சும் என்பதையும் பின்னர் நாம் படித்தறிந்தோம். பட்டதாரி என்னும் பெருமையோடு தீர்ப்பளித்த நாம் மௌனமானோம்.

“அப்படியானால் எங்கே வைக்கிறது, மாமா?” என்று தம்பியின் மனைவி கேட்டார். அந்த வீட்டில் அவரிடம் ஒரு காரியத்துக்கு ஆலோசனை கேட்கப்பட்டது அதுவே முதன்முறை என்பதை அவர் முகம் காட்டிற்று.

ஐயா கைத்தடியால் வீட்டின் பின்புறத்தை, வடமேற்கு மூலையைக் காட்டினார். அங்கே எல்லையோரமாக உயர்ந்த பைன் மரங்கள் சில நிற்கின்றன. அவற்றுக்கும் வீட்டுக்கும் இடையே நிலம் சற்று மேடாகிச் சரிகிறது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். விறகும் பழைய சாடிகளும் போட்டுவைக்கும் மூலை.

“சருகு எங்கை ஒதுங்குதோ அங்கை காற்றில்லை, பிள்ளை. இரண்டு பனிக்காலம் பார்த்தேன். முன்முற்றத்துச் சருகு ஒன்றும் நிற்கிறதில்லை. எல்லாம் பறந்துபோய் அந்த மூலையிலைதான் முழங்காலளவு கிடக்கும். பனியும் அங்கை விழுந்தால் விழுந்தபடி கிடந்து ஆறுதலாய்க் கரையும். பைன் மரம் இலை கொட்டி மொட்டையாகிறதில்லை. கோடையிலை பின்னேரம் இரண்டு மூன்று மணித்தியாலம் வெயிலும் வரும். பூக்க அது காணும்.”

நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் யன்னலடியில் வெறுமனே இருக்கவில்லை. கணக்கெழுதிய மனிதர், இரண்டு ஆண்டுகளாக அந்த வளவின் காற்றையும் வெயிலையும் பனியையும் மனத்தில் வரவு செலவு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பேரேட்டைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்பார்தான் இல்லை.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது, குளிர் மிகுந்த இடங்களிற் கமெலியாவுக்கு வடக்கும் மேற்குமே உகந்த பக்கங்கள், காற்றுக்கு மறைப்பு இன்றியமையாதது என்றே தோட்டக்கலை வல்லாரும் கூறியிருக்கக் கண்டோம். காரணமும் எளிது. கமெலியா குளிர்காலத்திலும் இலையோடு நிற்பது. வறண்ட காற்றும் வெயிலும் இலையிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டிருக்க, உறைந்த நிலத்திலிருந்து வேரால் நீரை எடுக்க முடியாது. குளிர்காலத்திற் பல செடிகள் மடிவது குளிரால் மட்டுமன்று, தாகத்தாலும் மடிகின்றன.

ஆயினும் ஐயா அன்றே நாட்ட விடவில்லை. வடிகால் பார்க்க வேண்டும் என்றார். தேயிலைத் தோட்டத்தில் மழைநீர் வடிய வெட்டும் கால்வாய்க்குக் ‘கான்’ என்று பெயர். கான் இல்லாத மலையிலே தேயிலை இல்லை என்றார். அம்மூலையிலும் முன்முற்றத்திலும் ஓரடி ஆழத்துக்கு இரு குழிகள் தோண்டி, மாலையில் நீர் நிரப்பினோம். காலையிற் பார்த்தபோது பின்புறக் குழி வற்றியிருந்தது; முன்முற்றத்துக் குழியில் நீர் இன்னும் நின்றது. தம்பி கடையிலிருந்து மண் சோதிக்கும் பெட்டியொன்று வாங்கி வந்தான். பைன் மரத்தடி மண்ணின் பி.எச். அளவு ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையே நின்றது. கமெலியா விரும்பும் அளவு ஐந்தரை முதல் ஆறரை வரை. தெற்குச் சுவரோரத்து மண்ணோ ஏழைத் தாண்டியிருந்தது.

அடுத்த நாள் நாட்டினோம். குழி வேர்க்கட்டியைப்போல் இருமடங்கு அகலம். ஆழமோ அதன் உயரத்துக்கும் சற்றுக் குறைவு. வேர்க்கட்டியின் மேல்முகம் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் உயர்ந்தே நிற்கவேண்டும். மண் அமர்ந்தபின் அது சரியாகிவிடும். சுற்றிலும் பைன் சருகை இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில், அடித்தண்டைத் தொடாமற் பரப்பினோம். இளவேனிலில் நாட்டுவதால், அடுத்த குளிருக்கு முன் வேர் பிடிக்க ஆறேழு மாதம் கிடைக்கும். நிலம் உறையுமுன் நன்றாக நீர் பாய்ச்ச வேண்டும் என்று ஐயா தம்பிக்கு இருமுறை சொன்னார்.

அன்றிரவு, எமது பயணச்சீட்டுகளை மேசையில் வைத்துப் பேச்சைத் தொடங்கினோம். முன்னறைக்கு வெள்ளையடித்ததையும், தெருப்பக்கம் கட்டில் போட்டதையும், ஊரார் விசாரிப்பதையும் சொன்னோம். ஐயா பொறுமையாகக் கேட்டார்.

“நட்ட கன்றுக்கு முதற் பனிக்காலம்தான் கண்டம். அதை ஒருவர் பார்த்திருக்க வேணும். அது கடக்கட்டும், பிறகு யோசிப்பம்,” என்றார். சற்றுப் பொறுத்து, “முன்னறை எனக்கு எதுக்கு? தெருவிலை போறவைக்கு என்னைக் காட்டவோ?” என்று சிரித்தார்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். எமக்கோ அது சுருக்கென்று தைத்தது. கன்றுக்கு முன்முற்றத்தைத் தேர்ந்தவர்களுக்கும் தகப்பனுக்கு முன்னறையைத் தேர்ந்த எமக்கும் என்ன வேற்றுமை? பார்ப்பவர் கண்ணுக்கு உகந்த இடமும், வாழும் உயிருக்கு உகந்த இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. வள்ளுவர் காலமறிதல் என்னும் அதிகாரத்தின் பின்னரே இடனறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். அவர் சொல்ல வந்தது போர் பற்றியதாயினும், அந்த வரிசை எமக்கு அன்று புதிதாகப் பட்டது. ஓராண்டின் எல்லாக் காலத்தையும் அருகிருந்து பார்த்தவருக்கே ஓரிடம் எத்தகையதென்று தெரியும். ஒரு காலைப் பொழுதில் வந்து நின்று, இதுதான் உனக்கு ஏற்ற இடம் என்று விரல் நீட்டும் உரிமை எவருக்கும் இல்லை, மகனுக்கும் இல்லை.

நாம் தனியே ஊர் திரும்பினோம். ஐயாவின் பயணச்சீட்டு வீணாயிற்று. “கூட்டிவரவில்லையா?” என்று கேட்டவர்களுக்கு, “அவருக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது,” என்றோம். அவர்கள் நம்பவில்லை.

2025 சனவரித் தொடக்கத்தில் வாஷிங்டன் பகுதியிற் பெரும்பனி பெய்தது. அவ்வாரம் ஐயாவே தொலைபேசியில் அழைத்தார். முன்பெல்லாம் நாம் கேட்பதற்கு விடை சொல்வதோடு முடித்துவிடும் அவர், பனி எத்தனை அங்குலம், எந்தப் பக்கத்தில் எப்போது கரைந்தது, இலை எப்படி இருக்கிறது என்று கால்மணி நேரம் சொன்னார். எட்டு மொட்டுகளில் ஐந்து உதிர்ந்துவிட்டன என்றார். சித்திரையில் ஒரு படம் வந்தது. எஞ்சிய மூன்றில் ஒன்று சிவப்பாக விரிந்திருந்தது. படம் வீட்டுக்குள்ளிருந்து, யன்னல் வழியே எடுக்கப்பட்டது. கீழோரத்தில் ஐயாவின் கதிரைக் கை தெரிந்தது.

அந்தப் பூச்செடியை எமது வளவில் வைக்க இயலாது. யாழ்ப்பாணத்து மண் சுண்ணாம்புக் கல்லின் மேற் கிடப்பது. கிணற்று நீரிலும் சுண்ணாம்பு. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பூக்காலம் முடிந்தபின் அம்மாவின் திவசத்துக்கு ஒருமுறை வந்துபோவதாக ஐயா சொன்னார். அதைக் கேட்ட அன்றே முன்னறைக் கட்டிலைக் கழற்றிப் பின்னறையிற் பூட்டினோம். அந்த அறையின் யன்னல் வேம்பைப் பார்த்திருக்கிறது. பத்து ஆண்டுகளாக அவ்வீட்டில் வாழ்ந்தும் கவனியாத ஒன்றை அப்போதுதான் கண்டோம்: முற்றத்துச் சருகெல்லாம் அந்த யன்னலின் கீழேதான் ஒதுங்கிக் கிடந்தது.